மழை விடட்டும் என்று இருக்காதே

பசுவந்தனை, குறுக்குச்சாலை, எப்போதும்வென்றான், கடம்பூர் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் இன்று வேலைக்கும் படிப்புக்கும் போகிற ஊர்களில் பல மழை ஊர்கள். கொச்சி, கோழிக்கோடு, மங்களூரு, மூணாறு. கடல் தாண்டினால் லண்டன், டப்ளின், கிளாஸ்கோ. போகும்போது சான்றிதழை எடுத்தாயா, சார்ஜரை எடுத்தாயா என்று கேட்க ஆள் இருக்கிறது. அங்கே வானம் எப்படி இருக்கும் என்று சொல்லத்தான் யாரும் இல்லை. முதல் மழைக்காலத்திலேயே மனசு விட்டுப்போய்த் திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை. கரிசல்காட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த இருட்டு பழக்கமில்லை, அவ்வளவுதான்.

நான் எர்ணாகுளத்தில் பிராட்வே பக்கம் ஒரு மொத்தக் கடையில் நம் ஊர்த் தீப்பெட்டி விற்றுக் குடும்பம் நடத்தியவன். என் பிள்ளைகள் படித்ததும் அங்கேதான். உங்களில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

1. மழையின் கணக்கைத் தெரிந்துகொண்டு போ.

நம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் முழுதும் சேர்த்து ஏறக்குறைய 650 மி.மீ. மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கேரளத்துக்கு வருஷத்தில் 3,000 மி.மீ. அளவில் பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை மட்டுமே 2,000 மி.மீ. தந்துவிடும். அது ஓய்ந்ததும், துலாவர்ஷம் என்று அவர்கள் சொல்கிற ஐப்பசி மழையும் உண்டு.

இதற்குக் காரணம் மலை. அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறிக் குளிர்ந்து, சுமந்து வந்த நீரையெல்லாம் அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. மலை தாண்டி நம் பக்கம் வரும்போது அதில் வேகம் இருக்கும், ஈரம் இருக்காது. ஆடி மாதம் கயத்தாறில் காற்றாலைகள் விடாமல் சுற்றுவது அந்தக் காற்றில்தான். கேரளம் போகும் பாலருவி ரயிலில் போனால் இது கைக்கே தெரியும். மணியாச்சியில் காய்ந்து புழுதி படிந்திருந்த ஜன்னல் கம்பி, தென்மலை தாண்டியதும் சொட்ட ஆரம்பிக்கும். ஆக, அங்கே வானம் உன்னை வஞ்சிக்கவில்லை. அந்த ஊர் அப்படித்தான் இருக்கும், வருஷா வருஷம் அப்படித்தான் இருக்கும். இதை மனசு ஒப்புக்கொண்டால் ‘இன்னைக்காவது வெயில் அடிக்குமா’ என்று காலையில் எழுந்ததும் ஜன்னலைப் பார்க்கிற பழக்கம் போய்விடும்.

2. மழை விடட்டும் என்று இருக்காதே.

சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். நம் ஊரில் மழை வந்தால் வேலை நிற்கும். அது சோம்பல் இல்லை, மண்ணின் குணம். கரிசல் ஈரம் குடித்தால் உப்பிப் பசையாகிவிடும். ஒரு எட்டு வைத்தால் பாதத்தோடு ஒரு படி மண் எழுந்து வரும், பத்து எட்டில் கால் தூக்க முடியாது. மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. ஆகவே மழை பெய்தால் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதும், மண் ஈரம் ஆறின பிறகு இறங்குவதும் நம் பாட்டன் காலத்து அறிவு. மழையும் ஒரு நாள் பெய்யும், இரண்டு நாள் பெய்யும், விட்டுவிடும்.

அந்த அறிவை மழை ஊருக்குக் கொண்டுபோனால் நீ கெட்டாய். விடட்டும், பிறகு கடைக்குப் போகலாம். விடட்டும், பிறகு துவைக்கலாம். விடட்டும், பிறகு அந்த நண்பனைப் பார்க்கலாம். இப்படியே இரண்டு வாரம் ஓடிவிடும். அறைக்குள் நீயும் போனும் மட்டும் மிஞ்சுவீர்கள். ஒரு நாள் மதியம் நீ காரணமே இல்லாமல் அழத் தயாராக இருப்பாய். ஜன்னலுக்கு வெளியே பார். மீன்காரர் போகிறார், பள்ளிக்கூடப் பிள்ளை போகிறது, கல்யாண வீட்டுக்குப் பட்டுச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி ஓர் அம்மா போகிறார். அந்த ஊர் மழையில்தான் நடக்கும். நீயும் மழையில்தான் நடக்க வேண்டும்.

தினமும் ஒருமுறை, பெய்தாலும் பெய்யாவிட்டாலும், வேலை தவிர்த்த ஒரு காரியத்துக்காக வெளியே போ. ஒரு டீ குடிக்கப் போ, போதும்.

3. நல்ல குடை வாங்கு. காசு பார்க்காதே.

மூன்றாக மடிக்கிற குடை பைக்கு நல்லது, காற்றுக்கு நல்லதில்லை. கேரளத்தில் பெரியவர்கள் கையில் வைத்திருக்கும் நீளக் குடையை, காலன்குடை என்பார்கள், அதை ஒன்று வைத்துக்கொள். தேங்கிய தண்ணீரில் நடக்கும்போது முன்னால் ஊன்றிப் பார்க்கவும் அது உதவும். தண்ணீருக்கடியில் மூடி திறந்த சாக்கடைக் குழி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, குடைக் கம்பிக்குத் தெரியும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து குடை விரிக்கவே விரிக்காதே. வண்டிக்கு மழைக்கோட்டுதான். லண்டன், டப்ளின் பக்கம் போகிறவர்களுக்குக் குடையைவிடத் தலைமூடி வைத்த, தண்ணீர் இறங்காத கோட்டுதான் பயன்படும். அங்கே தூறல் காற்றோடு பக்கவாட்டில் வரும்.

கேரளத்தில் ஷூ போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு நடக்காதே. ரப்பர் செருப்பில் போ, ஷூவை அங்கே வைத்திரு. அந்த ஊரில் மழைக்காலத்தில் செருப்போடு வருகிறவனை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை.

4. காய்ந்த துணி என்பது ஒரு செல்வம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காலையில் துவைத்துக் கொடியில் போட்டால் மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடுகிற ஊர் நம்முடையது. கொச்சியில் ஆடி மாதத்தில் ஒரு ஜீன்ஸ் மூன்று நாளானாலும் இடுப்புப் பட்டையில் ஈரம் போகாது. அதை அப்படியே போட்டுக்கொண்டு போனால் பக்கத்தில் இருப்பவருக்கு ஈரவாடை அடிக்கும். அதைவிட மோசம், உனக்கே உன்மேல் வெறுப்பு வரும். மழைநாளில் மனசு சோர்வதற்குப் பாதிக் காரணம் வானம் இல்லை, உடம்பில் ஒட்டியிருக்கும் ஈரத்துணி என்பது என் முடிவு.

ஆகவே கனத்த துணிகளை ஊரிலேயே விட்டுப் போ. மெல்லிய பருத்தியும் பாலியஸ்டர் கலந்ததும் எடுத்துக்கொள். ஒரேயடியாகச் சேர்த்துத் துவைக்காமல் தினம் இரண்டு துணி துவை. துவைத்ததும் நன்றாகப் பிழிந்து, ஒரு காய்ந்த துண்டில் சுருட்டி, முழங்காலை வைத்து அழுத்தி எடு. பாதித் தண்ணீர் அதிலேயே போய்விடும். பிறகு அறைக்குள் கொடி கட்டி மின்விசிறியின் கீழே, ஒன்றோடொன்று ஒட்டாமல் போடு. உள்ளாடையும் காலுறையும் இஸ்திரி போடாமல் உடுத்தாதே. இஸ்திரிப் பெட்டி அங்கே பகட்டுக்கு இல்லை, உடம்புக்கு. இங்கிலாந்து பக்கம் இருப்பவர்கள் அறையை இறுக மூடிக்கொண்டு ஹீட்டரின்மேல் துணி காயப் போடுவார்கள். அந்த ஈரம் சுவரில் கறுப்புப் பூஞ்சையாகப் பூக்கும், மூச்சுக்கு ஆகாது. குளிரென்றாலும் தினம் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திற.

தோல் பெல்ட், தோல் பர்ஸ், சான்றிதழ், புத்தகம் எதுவும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. சான்றிதழ்களைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுப் பெட்டியில் உயரே வை.

தீப்பெட்டியையும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் இந்தத் தொழில் வேர் பிடித்ததற்கு நம் காய்ந்த காற்றும் ஒரு காரணம். அந்தக் காற்றில் செய்த பெட்டி மழை ஊருக்குப் போனால் நமுத்துவிடும். குச்சி முனை மருந்தைப் பிடித்திருப்பது பசை. ஈரம் இழுத்தால் அது இளகி, உரசும்போது மருந்து பொடியாக உதிரும், தீ வராது. ஒரு மூடி போட்ட தகர டப்பாவில் கொஞ்சம் அரிசி போட்டு அதன் நடுவே தீப்பெட்டியை வை. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வீட்டிலிருந்து கொண்டுபோகும் கடலைமிட்டாய்க்கும் இதே வைத்தியம்தான். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாய், டப்பா மூடியை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் காலையில் பல்லில் இழுக்கும். விளாத்திகுளம் வத்தலைக் கிலோக் கணக்கில் கட்டிக்கொண்டு போகாதே, பூசணம் பிடித்துவிடும். மாதத்துக்கு ஆகிற அளவு போதும், அதையும் போன உடனே வெறும் சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி ஆறவைத்து அடைத்துவிடு.

5. வெளிச்சத்தைத் தேடிப் போ.

லண்டனில் ஒரு வருஷத்துக்கு விழும் மழை 600 மி.மீ. பக்கம்தான். அதாவது நம் கரிசல்காட்டுக்கு விழுவதைவிட அதிகமில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நமக்கு அது சில நாட்களில் கொட்டுகிறது, அவர்களுக்கு வருஷத்தில் நூறு நாளுக்கு மேல் பிய்த்துப் பிய்த்து விழுகிறது. அங்கே போகிற பிள்ளைகளை வாட்டுவது மழையின் அளவு இல்லை. மப்பும் மந்தாரமுமாகவே கிடக்கும் வானமும், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லாத பகலும்தான். மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடும்.

வெளிச்சம் குறைந்தால் மனம் சோர்வது கற்பனை இல்லை. நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவர், வெயில் நிறைந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். குளிர்காலம் வந்ததும் தன் உடம்பும் மனசும் தளர்வதைக் கவனித்தார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் மனச்சோர்வு என்று 1984இல் அவரும் அவர் கூட்டாளிகளும் விவரித்தார்கள். நிறையத் தூக்கம், மாவுப் பண்டங்கள் மேல் தீராத ஆசை, எதிலும் விருப்பமின்மை என்று அதற்கு அடையாளமும் சொன்னார்கள். வெயிலில் வளர்ந்த ஒரு மருத்துவருக்கே நேர்ந்தது உனக்கு நேர்ந்தால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மருந்தும் வெளிச்சம்தான். வானம் மூடியிருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் டியூப்லைட் எரியும் அறைக்குள் இருப்பதைப் போலப் பல மடங்கு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, உடம்புக்குத் தெரியும். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம் வெளியே நட. அறை பார்க்கும்போது வாடகை கொஞ்சம் கூடினாலும் கிழக்கு ஜன்னல் உள்ளதை எடு. மேஜையை ஜன்னலோரம் போடு. குளிர்நாடுகளில் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டிகள் கிடைக்கின்றன. காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்காருவது பலருக்கு உதவுகிறது. கண் நோயோ, மனநிலை ஏறி இறங்கும் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் அதைத் தொட வேண்டும். பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. நம்மைப் போன்ற தெற்காசியத் தோல் உள்ளவர்கள் வருஷம் முழுதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. இங்கே வெயில் சும்மா கொடுத்ததை அங்கே மாத்திரையாக வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கிக்கொள்.

6. பகலில் படுக்காதே.

மழைச் சத்தத்தில் தூக்கம் சொக்கும். ஞாயிறு மதியம் படுத்து இருட்டில் எழுந்தால் அன்று ராத்திரி முழுதும் ஊர் ஞாபகம்தான். கட்டில் ராத்திரிக்கு மட்டும்.

7. சூடாகச் சாப்பிடு, முடிந்தால் கூட ஒருவரை வைத்துக்கொண்டு சாப்பிடு.

மழைநாளில் பன்னும் பிஸ்கட்டுமாக ஓட்டுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன குக்கரும் ஒரு சட்டியும் இருந்தால் ரசம் சோறு ஆகிவிடும். மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட ரசம், கொள்ளு ரசம், சுக்கு மல்லிக் காபியில் கொஞ்சம் உடன்குடிக் கருப்பட்டி. கேரளத்தில் ஆடி மாதத்துக்குப் பக்கமாக வரும் கர்க்கடக மாதத்தில் மருந்துக் கஞ்சி குடிக்கிற வழக்கம் உண்டு. ஞவர அரிசியில் வெந்தயமும் மூலிகைகளும் போட்டுக் காய்ச்சுவார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக் குடி. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடி. அங்கே உணவகங்களில் பதிமுகம் போட்டு இளஞ்சிவப்பாக வைத்திருக்கும் வெந்நீரைப் பார்த்துப் பயப்படாதே, அது மரக்கட்டையின் நிறம்தான்.

8. காலைப் பார்த்துக்கொள். காய்ச்சலை அலட்சியம் செய்யாதே.

விரலிடுக்கில் சேற்றுப்புண், தொடையிடுக்கில் படர்தாமரை, இரண்டும் புதிதாகப் போகிறவர்களுக்கு வராமல் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துக் காயவிடு. மருந்துக்கடையில் வாய்க்கு வந்ததைச் சொல்லிக் களிம்பு வாங்காதே. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அப்போதைக்கு அமுக்கிவிட்டுப் படையைப் பெருக்கிவிடும்.

அதைவிடப் பெரியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் கீறலோடு நடந்தால் கிருமி ஏறிவிடும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் இது பரவியது. வெள்ளத் தண்ணீரில் இறங்க வேண்டியவர்களுக்கு அங்கே அரசு சுகாதார நிலையங்களில் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கிறார்கள். கேட்டு, அவர்கள் சொன்ன அளவில் சாப்பிடு. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருக்காதே. அன்றைக்கே மருத்துவரிடம் போய், தண்ணீரில் நடந்ததையும் சொல்.

9. அந்த ஊர்க்காரர்கள் மழையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேள்.

நமக்குப் புரட்டாசி விதைப்பு எப்படியோ, கேரளத்து விவசாயிக்குத் திருவாதிரை ஞாற்றுவேலை அப்படி. ஜூன் பின்பாதியில் தொடங்கும் இரண்டு வாரம். அப்போது ஒரு கொம்பை ஒடித்து ஊன்றினாலும் தழைக்கும் என்பார்கள். போர்ச்சுகீசியர்கள் மிளகுக் கொடியை எடுத்துப் போனபோது, கொடியைத்தான் கொண்டுபோக முடியும், நம் ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாது என்று கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி சொன்னதாக அங்கே ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, அந்த மக்கள் மழையை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. நீ விவசாயி வீட்டுப் பிள்ளை. உளுந்தும் பாசியும் எந்த ஈரத்தில் முளைக்கும் என்று உனக்குத் தெரியும். அங்கே ஒரு பெரியவரிடம் மிளகு எந்த மழையில் பிடிக்கும், நெல் எந்த மழையில் நடுவார்கள் என்று கேட்டுப் பார். அவர் மகிழ்ச்சியாகச் சொல்வார். அதன் பிறகு உனக்கு அந்த மழை வெறும் தொந்தரவாகத் தெரியாது. மொழியும் இப்படித்தான் வரும், வகுப்பில் உட்கார்ந்து வராது.

10. மழையைக் குறை சொல்வது பாவம் இல்லை.

கரிசல்காட்டுப் பிள்ளைக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடம் இது, வெளியாட்களுக்குப் புரியாது. மழை வேண்டி வீடு வீடாக வாங்கி மழைக்கஞ்சி காய்ச்சின ஊர்க்காரர்கள் நாம். கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைத்திருக்கிறோம். நம் வாய் மழையைத் திட்டக் கூசும். நீ ஊருக்குப் போன் பண்ணும்போது அப்பா கேட்பார், ‘அங்க மழையாமேப்பா, இங்க ஒரு பொட்டு இல்ல, மக்காச்சோளம் வாடிக் கெடக்கு’ என்று. அதற்குப் பிறகு நீ எப்படிச் சொல்வாய், எனக்கு இந்த மழை தாங்கவில்லை என்று? சொல்லாமல் விழுங்குவாய். ‘நல்லா இருக்கேன்’ என்று வைத்துவிடுவாய். அப்படி விழுங்கியது உள்ளேயே கிடந்து கனக்கும்.

சொல், தம்பி. சொல், தாயி. உன் அப்பாவுக்கு மழை இல்லாத கஷ்டம், உனக்கு வெயில் இல்லாத கஷ்டம். இரண்டும் கஷ்டம்தான். ஒன்றைச் சொன்னால் மற்றது சின்னதாகிவிடாது. பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை அங்கிருந்து சலித்துக்கொண்டால் ‘குடுத்து வச்சவன், மழையில இருந்துக்கிட்டுப் பேசுத’ என்று வாயை அடைக்காதீர்கள். சாப்பிட்டாயா, துணி காய்ந்ததா என்று கேளுங்கள்.

11. மனசு இரண்டு வாரத்துக்கு மேல் எழும்பவில்லை என்றால் ஆளைத் தேடு.

சலிப்பு வேறு, நோய் வேறு. தூக்கம் கெட்டு, சாப்பாடு வெறுத்து, குளிக்கவே மனமில்லாமல், இருந்து என்ன பயன் என்கிற நினைப்பு வந்தால் அதை நடந்தோ ரசம் குடித்தோ சரிசெய்ய முடியாது. இந்தியாவுக்குள் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் போய் இறங்கின முதல் வாரத்திலேயே அங்குள்ள மருத்துவரிடம் பெயர் பதிந்துவிட வேண்டும். சுகமில்லாதபோது அந்த வேலையைச் செய்யத் தெம்பு இருக்காது.

12. நில் என்று சொல்கிற நாளில் நில்.

மழை விடட்டும் என்று இருக்காதே என்று சொன்ன நானே இதையும் சொல்கிறேன். வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கும். சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 204 மி.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுதும் விழுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரே நாளில். அன்றைக்கு வேலையும் வேண்டாம், பைக்கும் வேண்டாம், ஆற்றங்கரையில் வீடியோவும் வேண்டாம். நம் பக்கத்திலேயே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தாமிரபரணிக் கரை முழுதும் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது.

மூணாறு, வால்பாறை, வயநாடு என்று மலைக்குப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி, மூணாறு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் நம் கயத்தாறு. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்து, திருவிழாவுக்கு ஊர் வந்து போன சனங்கள். கரண்டும் போனும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியே சேதி தெரிந்தது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையிலும் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மலை வந்தது.

ஆகவே மலையில் அறை எடுக்கும்போது வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். செங்குத்தாக வெட்டின மண்மேட்டின் அடியில் இருந்தால் வாடகை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். நாள் கணக்கில் விடாமல் பெய்யும்போது சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு கண்டால், ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் அல்லது நின்றுபோனால், விடியட்டும் என்று பார்க்காதே. கிளம்பிவிடு. முகாமுக்கு வா என்று அதிகாரிகள் சொன்னால் பாத்திரம் பண்டத்தைப் பார்க்காமல் போ.

13. ஏற்கெனவே அங்கே இருக்கிறவர்களுக்கு.

காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாலும் சரி, வாத்துருத்தியில் கட்டட வேலையில் இருந்தாலும் சரி, லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்தாலும் சரி, நம் பக்கத்துப் பிள்ளை ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் முதல் வாரத்துக்குள் கூப்பிட்டு ஒரு வேளை சோறு போடுங்கள். எந்தக் கடையில் குடை வாங்கலாம், எந்தத் தெருவில் தண்ணீர் கட்டும், எந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்பார் என்று சொல்லிக்கொடுங்கள். துணி காயப்போட உங்கள் வீட்டில் இடமிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஜூன் 1 வாக்கில் பருவமழை கேரளத்தைத் தொடும், கல்லூரி முடித்த பிள்ளைகள் வேலைக்கு வந்து இறங்குவதும் அந்த நாட்களில்தான். அந்த மாதம் உங்கள் போன் அணையாமல் இருக்கட்டும்.